நல்லா இருக்கு, பிருந்தா

ஜூன் 12, திங்கள்

இன்று பள்ளி திறந்தார்கள். மிதுனா ஒன்றாம் வகுப்பு. வேனில் ஏற்றிவிட்டு மாடிக்கு வந்தால் வீடு வெறிச்சென்று இருந்தது. இட்லித் தட்டைக்கூடக் கழுவாமல் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கேம் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன். எழுதி வைத்துவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன். வினோதினி, வயது முப்பத்து மூன்று, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. பதினொரு வருடமாக அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. என்னைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கிய ஷர்மிளா கனடாவில் பனியில் நின்று போட்டோ போடுகிறாள். நான் லைக் போடுவதில்லை. பார்க்காமல் இருப்பதும் இல்லை.

தமிழிலேயே இலவச வகுப்பு ஒன்று கிடைத்தது. அறுபத்திரண்டு வீடியோ. நடத்துபவர் முகம் தெரிவதில்லை, குரல் மட்டும்தான். முதல் வீடியோவில் மட்டும் ஒன்பது தடவை "ரொம்ப சிம்பிள் நண்பர்களே" என்றார். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஆகஸ்ட் நடுவில் முடித்துவிடலாம்.

இவரிடம் சொன்னேன். பெட்ஷீட் வியாபாரிக்கு ஜூனில் எப்போதும் போன்தான். "நல்லது, பண்ணு," என்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

ஜூன் 27, செவ்வாய்

ஏழாவது வீடியோவிலேயே ஆறு நாளாக நிற்கிறேன்.

ஒரு பெண் ஓடி, குதித்து, பழம் பொறுக்க வேண்டும். அதுதான் கேம். ரன் கொடுத்ததும் என் பெண் வருகிறாள், நிற்கிறாள், அப்படியே தரைக்குள் இறங்கிக் காணாமல் போகிறாள். அவர் திரையில் ஒரு பட்டனைத் தட்டுகிறார், அவருடைய பெண் தரையில் நிற்கிறாள். அந்தப் பட்டன் என் திரையில் இல்லை. அவருடையது பழைய பதிப்பாம். வீடியோவைப் பதினெட்டு தடவை பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். "ரொம்ப சிம்பிள் நண்பர்களே."

கீழே கமெண்டில், இரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவர் இதே சந்தேகத்தைக் கேட்டிருக்கிறார். அதற்கடியில் "எனக்கும்", "எனக்கும்" என்று பதினான்கு பேர். பதில் யாரும் போடவில்லை. பதினைந்தாவதாக நானும் "எனக்கும்" என்று போட்டேன்.

பிருந்தா மிளகாய் காயப்போட மாடிக்கு வந்தாள். என் கொழுந்தனாரின் மனைவி, கீழ்வீட்டில் அத்தை மாமாவோடு இருப்பவள். கோபி கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவள். வயது இருபத்தைந்து. கைமுறத்தோடு என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"ஏங்க்கா, அந்தப் புள்ள எங்க போகுது?"

"எங்கயும் போகல. விழுந்துட்டா."

"பாவம்," என்றாள்.

ஜூலை 14, வெள்ளி

போன மாதக் கடைசியிலேயே சரியாகிவிட்டது! ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது நாள் அதற்குப் போனது. என் பெண் தரையில் நின்றபோது கை தட்டிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இவர் கடையில். மிதுனா பள்ளியில். ஓடிப்போய்ப் பிருந்தாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எப்படீங்க்கா கண்டுபுடிச்சீங்க?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மத்தியானம் இரண்டு மணி ஆனால் அவளும் வந்துவிடுகிறாள். கொழுந்தனாரின் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டிக்கொண்டு வந்து, "நானும் பக்கத்துல உக்காந்துக்கட்டுமாங்க்கா?" என்று கேட்டாள். சரி என்றேன். எது என்ன என்று நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஒருத்தி நம்மிடம் கேட்டுக் கேட்டுச் செய்வது.

ஆகஸ்ட் 3, வியாழன்

நாற்பத்தொன்றாவது வீடியோ. திரையில் இரண்டு விரல் ஒரே நேரத்தில் பட்டால் என்ன செய்வது என்பது பற்றி. சலிப்பான பாடம். முழுவதும் குறிப்பெடுத்தேன்.

பிருந்தா பன்னிரண்டோடு நிறுத்திவிட்டாள். "முழுசாப் பாக்க எனக்குப் பொறுமை இல்லீங்க்கா. எனக்கு ஒண்ணு தோணுது, அதப் பண்ணிப் பாக்கறேன்."

என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். மொட்டை மாடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறது. மழை வருகிறது. நனைவதற்குள் கிளிப்பைக் கழற்றித் துணியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இதுல கேம் எங்க இருக்கு?" என்றேன்.

"போன வாரம் நம்ம ரெண்டு பேரும் ஓடுனோமே அக்கா, அத்தையோட புடவை ஒரு பக்கம் இழுக்க, போர்வை ஒரு பக்கம் இழுக்க. சிரிப்பா இருந்துச்சில்ல?"

படிக்காமல் செய்தால் எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அறுபத்திரண்டும் முடித்தேன். கடைசி வீடியோவில் அவர், "இப்ப நீங்களே சொந்தமா ஒரு கேம் பண்ணிருவீங்க நண்பர்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதிய பக்கம் திறந்தேன். வெற்றுத் திரை. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்யத்தான் இரண்டரை மாதம் கற்றிருக்கிறேன் போலிருக்கிறது. கடைசியில் அந்த ஓடும் பெண்ணையே எடுத்து, பாவாடையின் நிறத்தை மாற்றி, பழத்துக்குப் பதில் நட்சத்திரம் வைத்தேன்.

கேம் செய்கிறவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, என் கேம் எப்படி என்று யாராவது சொல்வீர்களா என்று எழுதினேன். ஒருவர், "லிங்க் போடுங்கள், விளையாடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, அதனால் போடவில்லை.

இரண்டரை மாதத்தில் என் வேலையைப் பற்றி ஒரு மனிதரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியா தவறா என்று தெரியாமலே செய்துகொண்டிருப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது போல இருக்கிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

பக்கத்து வீட்டில் தலையணை உறை தைக்கும் யூனிட். எட்டுப் பெண்கள். சாப்பாட்டு நேரத்தில் பிருந்தா போனை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறாள். இன்று துணி எடுக்கப் போனபோது மாடியிலிருந்து எல்லாம் தெரிந்தது.

மாராத்தாள் என்ற அம்மா சோற்றுக் கையோடு, "ஏனுங்கம்மிணி, இந்தப் புடவை கைக்கே வரமாட்டேங்குதே. நெசப் புடவை இப்படியா சண்டித்தனம் பண்ணும்?" என்று கத்துகிறார். பிருந்தா சிரித்துக்கொண்டே குட்டி நோட்டில் எழுதிக்கொள்கிறாள். இன்னொருத்தி, "மழை வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் இருட்டோணும், அப்பத்தான பதட்டமா இருக்கும்" என்கிறாள். அதையும் எழுதிக்கொள்கிறாள். தையல்காரர்கள் சொல்லியா கேம் செய்வது?

நாளைக்குள் வானம் இருட்டிவிடும். எனக்குத் தெரியும். அவள் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் அன்றைக்கே மாற்றிவிடுவாள். சொந்தமாக ஒரு கருத்து கிடையாது.

சாயங்காலம் மிதுனா பள்ளிப் பையை வீசிவிட்டு, "அம்மா, சித்தி கேம் குடு," என்றாள்.

"அம்மாவும் ஒரு கேம் பண்றேன்."

"எங்க, காட்டு?"

"இன்னும் முடியல."

கீழே ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்புச் சத்தம் மாடி வரைக்கும் வந்தது. பீன்ஸ் அடி பிடித்துவிட்டது.

செப்டம்பர் 9, சனி

வானம் இருட்டிவிட்டது. இடி வேறு.

செப்டம்பர் 20, புதன்

பிருந்தா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் கேம் போட்டியாம். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாமாம். தேர்வாகிறவருக்கு அங்குள்ள ஒரு சின்ன நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி, பிறகு வேலை.

"நாம ரெண்டு பேரும் அனுப்பலாங்க்கா! உங்களுக்குத்தான் கெடைக்கும். நீங்க முறையாப் படிச்சவங்க."

அந்த அறிவிப்பைப் பத்து நாளைக்கு முன்பே பார்த்திருந்தேன். வேலை மும்முரத்தில் அவளிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

அக்டோபர் 5, வியாழன்

ஓடும் பெண்ணுக்குப் பின்னால் மலை வரைந்தேன். மலைக்குப் பின்னால் இன்னொரு மலை. அவள் ஓடும்போது இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர வேண்டும். நான்கு நாள் ஆனது. பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறது.

பிருந்தா வரைந்த படம் எல்லாம் கோணல்மாணல். துணிக் கிளிப் பல்லி மாதிரி இருக்கிறது. கொழுந்தனார் நேற்று இவரிடம், "எம் பொண்டாட்டி கேம் பண்ணுதுன்னு கடைப் பசங்க எல்லாம் போன்ல வெச்சு வெளையாடறானுங்க" என்று பெருமை அடித்தாராம். இவர் அதை என்னிடம் வந்து சொல்லிச் சிரிக்கிறார். "நீயும் ஏதோ பண்ணிட்டிருந்தியே, என்னாச்சு?" என்று கேட்டார். தட்டில் ரசத்தை ஊற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

மத்தியானம் பிருந்தா தன் போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். நாளைக்கு அனுப்பப் போகிறாளாம்.

"அக்கா, எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்கதான் பாக்கல. நீங்க ஒருத்தங்கதான் இதப் படிச்சவங்க. எங்க தப்புன்னு தாட்சண்யம் பாக்காமச் சொல்லுங்க்கா. அத்தைக்கு முட்டிக்கு மருந்து தேச்சு உட்டுட்டு ஒரு மணி நேரத்துல வரேன்."

விளையாடினேன். மொத்தம் ஏழு சுற்று. முதல் நான்கும் எளிது. ஐந்தாவதில் பெரிய பெட்ஷீட் வருகிறது, அதை இரண்டு பக்கமும், ஒவ்வொன்றாகவோ சேர்த்தோ, பிடித்து எடுக்க வேண்டும். அவள் போன் பழையது. நடுவில் அணைத்து ஆன் செய்ய வேண்டி வந்தது. பிறகு ஏழு சுற்றும் முடித்தேன்.

அவள் திரும்பி வந்து, "எப்படீங்க்கா இருக்கு?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லா இருக்கு, பிருந்தா."

"வேற எதுவுமில்லீங்களா?"

"கிளிப்பு கொஞ்சம் பல்லி மாதிரி இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்டோபர் 18, புதன்

பிருந்தா அனுப்பிவிட்டாள். நானும் அனுப்பிவிட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது. மிதுனாவுக்குச் சளி.

நவம்பர் 4, சனி

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போட்டிக்கு அனுப்பிய கேமை நேரில் காட்ட, இருவரும் காலை ரயிலில் கோவை போனோம். நான் இரண்டு தடவை புடவை மாற்றிக் கடைசியில் சுடிதாரில் போனேன். பிருந்தா கல்யாணத்துக்குப் போவது போல மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். கல்லூரி அரங்கில் முப்பது நாற்பது மேஜை. எங்களைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள் போலத் தெரிந்தார்கள். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை கிடைத்தது.

முதலில் பிருந்தாவின் மேஜைக்கு நடுவர் வந்தார். தலை நரைத்த அம்மா, கண்ணாடி போட்டவர். புடவை சண்டித்தனம் செய்தபோது வாய்விட்டுச் சிரித்தார். "யாரோட புடவைங்க இது?" என்று கேட்க, "எங்க மாமியார்துங்க மேடம்," என்றாள் இவள். சுற்றி நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். மூன்றாவது சுற்று. நான்காவது.

நான் என் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன்.

ஐந்தாவது சுற்றில் பெட்ஷீட் வந்தது. அவர் இரண்டு கட்டை விரலாலும் அதைப் பிடித்தார். திரை நின்றுவிட்டது. மழைத்துளி எல்லாம் அந்தரத்தில் நின்றது. தட்டினார், அசையவில்லை.

பிருந்தாவின் முகம் வெளுத்துப்போனது. ஒரு கணம்தான். உடனே, "மேடம், கைய எடுக்காதீங்க, அப்படியே வெச்சிருங்க!" என்று குனிந்து, அவர் விரல் எங்கெங்கே இருக்கிறது என்று நோட்டில் படமாகவே வரைந்துகொண்டாள். அந்த அம்மா விரலை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என் மேஜை. என்னைவிட வயது குறைந்த இன்னொரு நடுவர் வந்தார். என் கேமை என்னைத் தவிர இன்னொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. தொடங்கியதும் இடது பக்கம் போனார். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பெண் பள்ளத்தில் விழுந்தாள். மறுபடி இடது பக்கமே போனார். மறுபடி விழுந்தாள்.

"எந்தப் பக்கம்ங்க போகணும்?"

"வலது பக்கம் சார்."

"அத கேம்தாங்க சொல்லணும். நீங்க எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்ல முடியாதுல்ல?" மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் இரண்டு மலையும் நகர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை. "இத எத்தன பேரு வெளையாடிப் பாத்திருக்காங்க?"

"நாலஞ்சு பேர்," என்றேன்.

பிருந்தா திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். பிருந்தா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "என் பெட்ஷீட்டு அம்போன்னு நின்னுருச்சு பாத்தீங்களா? யூனிட்ல அக்காங்க எல்லாம் ஒரு கைல சோறு தின்னுட்டே வெளையாடுவாங்க, அதான் ரெண்டு வெரல் படவே இல்ல போல. நீங்களும் அவ்வளவு நேரம் பாத்தீங்க, உங்களுக்குக்கூடச் சிக்கலியேக்கா."

வழியில் வரும் திருப்பூர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 6, திங்கள்

குக்கர் வைத்திருந்தேன். பிருந்தா வந்து சமையலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும். யூனிட் அக்காங்க சிலபேரு மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னே சொல்றாங்கன்னு, கேமுக்குள்ள ஒண்ணு எழுதி வெச்சிருந்தேன். எப்ப ஆரம்பிச்சாங்க, எந்தச் சுத்துல நின்னு போச்சுன்னு அதுவே குறிச்சு வெச்சுக்கும். எல்லாம் ஒழுங்காத்தான் போகுதுன்னு நான் அதத் தெறந்தே பாக்கல. நேத்துத்தான் பாத்தேன்."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன மாசம் பதினேழாம் தேதி. ரெண்டு நாப்பதுக்கு ஒரு தடவ நின்னுருக்கு. ரெண்டு அம்பத்திரெண்டுக்கு ஒரு தடவ. மூணு மணிக்கு ஒரு தடவ. அன்னிக்குப் போன் உங்க கைலதானுங்க்கா இருந்துச்சு."

"போன் பழசில்ல பிருந்தா. சூடாகி நின்னுருக்கும்."

"மூணு தடவையும் அஞ்சாவது சுத்துலயேங்களா?"

குக்கர் விசில் அடித்தது. இருவரும் அது அடங்கும்வரை காத்திருந்தோம்.

"தெரிஞ்சேதான் சொல்லலீங்களா?"

"மறந்துட்டேன்," என்றேன். அதைவிட நல்ல பொய் ஒன்று கிடைக்கவில்லை.

"சரிங்க்கா," என்றாள். படி இறங்கிப் போகும்போது சத்தமே வரவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

பதினேழாம் தேதி நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். போன் பழையது என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூட நான் பொய் எழுதியிருக்கிறேன்.

உண்மை இதுதான். முதல் தடவை நின்றபோது போன்தான் காரணம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, எதனால் நிற்கிறது என்று பார்க்கவே விளையாடினேன். மூன்றாவது தடவை வேண்டுமென்றே இரண்டு விரலை வைத்தேன், நின்றது. நாற்பத்தொன்றாவது பாடம். அவள் பார்க்காமல் விட்ட பாடம். அதன் பிறகு ஒற்றை விரலாலேயே கவனமாக விளையாடி ஏழு சுற்றையும் முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ மாதங்களில் அன்றுதான் அப்படி ஒரு சந்தோஷம். அதை எழுதவில்லை.

ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை என்று அத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கீழ்வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பிருந்தா என் இலையில் பணியாரம் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல். வழக்கத்தைவிட மரியாதையாக இருந்தாள்.

அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு பேருக்கும் என்ன கண்ணு ஆச்சு? மத்தியானத்துல கம்ப்யூட்டர் பொட்டியும் கையுமா ஒண்ணா உக்காந்திருப்பீங்களே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. வேலை."

நவம்பர் 15, புதன்

கொழுந்தனார் மிட்டாய் டப்பாவோடு மேலே வந்தார். கோவையிலிருந்து பிருந்தாவுக்கு மெயில் வந்திருக்கிறதாம். அந்த நரைத்த அம்மாதான் எழுதியிருக்கிறார். ஐந்தாவது சுற்றின் குறையைச் சரிசெய்து இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்பினால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்களாம்.

என் மெயிலையும் திறந்து பார்த்தேன். கலந்துகொண்டதற்கு நன்றி என்று இரண்டு வரி. எல்லாருக்கும் போனது.

வாயில் போட்ட மைசூர்பாகு இனித்தது என்று எழுதினால் அதுவும் பொய்.

நவம்பர் 16, வியாழன்

மிதுனா சொல்கிறாள், சித்தி லேப்டாப்பை வைத்துக்கொண்டு அழுகிறாளாம். "பெட்ஷீட் ரிப்பேர் ஆகவே மாட்டேங்குதாம்மா."

எனக்கு எப்படிச் சரிசெய்வது என்று தெரியும். ஆறு வரி. இன்று கீழே போகவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

இன்றும் போகவில்லை. பீரோவை ஒதுங்க வைத்தேன்.

நவம்பர் 18, சனி

மத்தியானம் இரண்டு மணிக்கு நாற்பத்தொன்றாவது பாடக் குறிப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிருந்தா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திரைக்கே திரும்பிக்கொண்டாள்.

"பிருந்தா, அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சேதான் சொல்லல."

அவள் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உன் கேம் என்னோடத விட நல்லா இருந்துச்சு. தாங்க முடியல. அதான்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?" திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "நான் உங்களத்தானே பெருசா நெனச்சுட்டிருந்தேன். யூனிட்டுல நூறு பேரு சொன்னாலும், அக்கா சொன்னாத்தான்னு இருந்தேன். அந்த ஹால்ல கேம் நின்னப்ப நான் அந்தம்மா வெரலப் படம் வரைஞ்சிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சிட்டிருந்தீங்க."

கையிலிருந்த குறிப்பை அவளிடம் நீட்டினேன். அவளே சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

முதல் விரல் பட்டதும் கேம் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது விரல் பட்டதும் முதல் விரல் எடுக்கப்படுவதற்காகக் காத்திருக்கிறது, அது எடுக்கப்படாது, அதனால் நின்றுவிடுகிறது. அவளையே தட்டச்சு செய்ய வைத்தேன். நாலரை மணிக்கு பெட்ஷீட் இரண்டு பக்கமும் பிடித்தபடி அழகாக வந்தது. அவள் பத்து தடவை எடுத்துப் பார்த்தாள்.

"தேங்க்ஸுங்க்கா," என்றாள். சிரிக்கவில்லை. "மனசு இன்னும் ஆறல. சும்மா ஆறிருச்சுன்னு சொல்ல மாட்டேன்."

"சரி."

"உங்க கேம எனக்கு ஒரு தடவகூடக் குடுக்கலீங்க நீங்க. நாலஞ்சு பேருன்னு அங்க சொன்னீங்களே, யாரு அந்த நாலஞ்சு பேரு?"

படி ஏறி வந்துவிட்டேன்.

நவம்பர் 29, புதன்

பிருந்தாவை எடுத்துக்கொண்டார்கள். நாலாம் தேதியிலிருந்து தினமும் ரயிலில் போய்வர வேண்டும். அத்தை, "வூட்டு வேலைய நாங்க பாத்துக்கறோம் போ," என்றாராம். பதினொரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

டிசம்பர் 4, திங்கள்

காலையில் கொழுந்தனார் வண்டியில் பிருந்தாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். புது டிபன் கேரியர், தோளில் பை. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தெரு முனை திரும்பும்வரை. அந்தப் பை என் தோளில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆறு வரி சொல்லிக் கொடுத்ததால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். என் கேமை அவள் போனுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அனுப்பிய கையோடு அழித்துவிடலாமா என்று நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டதாகக் காட்டியது.

இன்று மிதுனாவை வேனில் ஏற்றிவிட்டு வந்தபோது போனில் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. பிருந்தாதான், ரயிலிலிருந்து. பதினொரு நிமிடம்.

நின்றபடியே கேட்டேன். பின்னால் ரயில் சத்தம். "அக்கா, மொதல்ல, எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. நான் நாலு தடவ செத்தேன்." பிறகு, "குதிச்சு எறங்கறப்ப அந்தப் புள்ளையோட காலு தரைக்கு ரெண்டு வெரக்கடை மேலயே நிக்குது." பிறகு, "நட்சத்திரத்த எதுக்குங்க்கா பொறுக்கோணும்? பொறுக்குனா என்ன ஆகுது? ஒண்ணும் ஆகலியே." ஒவ்வொன்றுக்கும் எனக்கு வாயில் பதில் வந்தது. எதிரே யாரும் இல்லை. நான்காவது நிமிடத்தில், "தப்பா நெனச்சுக்காதீங்க. இது நீங்க பண்ணுனதாட்டவே இல்லீங்க்கா. அந்த வீடியோக்காரர் பண்ணுனதாட்டத்தான் இருக்குது," என்றாள்.

நிறுத்திவிட்டேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கினேன். எல்லாப் பாத்திரத்தையும், துலக்கியதையும் சேர்த்து. நேற்று வரைக்கும் என்னிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு கற்றவள். பன்னிரண்டு வீடியோகூட முழுதாகப் பார்க்காதவள். அவள் எனக்குச் சொல்வதா என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுப்பு மேடையையும் துடைத்து முடித்தபோது வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. கையைத் துடைத்துக்கொண்டேன். இந்த நோட்டின் கடைசியில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பதிவை முதலிலிருந்து போட்டேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை: எழுதிக்கொண்டேன். கால் தரையில் படவில்லை: எழுதிக்கொண்டேன். நட்சத்திரம் எதற்கு: எழுதிக்கொண்டேன். நான்காவது நிமிடம் வந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏழு நிமிடம் இருந்தது. பின்னால் நகரும் இரண்டு மலைகளைப் பற்றி மட்டும், "அது நல்லாருக்குங்க்கா, நெசமாவே," என்றாள். அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டேன்.

தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. கடைசியில் கதவோரக் கூச்சலுக்கு நடுவில் அவள் குரல்: "திருப்பூர் வந்துருச்சுங்க்கா, கூட்டம் ஏறுது. மிச்சத்தச் சாயங்காலம் வந்து சொல்றேன்."

இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.